டயர் வாங்கும் கடையில் ஏமாறும் இடங்கள்

டயர் கடைக்குப் போன் செய்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "நாலு டயர் என்ன விலை?" தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதற்குக் கிடைக்கும் பதில் ரப்பரின் விலை. டயரை மாட்டும் கூலி, பேலன்சிங், புது வால்வு, அலைன்மென்ட், வரி என்று மற்றதெல்லாம் பில் போடும்போதுதான் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். குறைவாகச் சொன்ன கடையிலேயே கடைசியில் அதிகம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. "எல்லாம் சேர்த்து, வண்டி வெளியே வரும்போது எவ்வளவு?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், ஒரு குறுஞ்செய்தி போதும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்றால், கிடைக்கும்தான். ஆனால் வெளியில் வாங்கிய டயரை மாட்டித் தரச் சில கடைகள் மறுக்கும், சில கடைகள் கூலியைக் கூட்டும். அப்புறம் வண்டி வேகம் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால், விற்றவர் மாட்டியவரைக் கைகாட்டுவார், மாட்டியவர் டயரைக் கைகாட்டுவார். நடுவில் நிற்பது நீங்கள். நம்பிக்கையான ஒரு மெக்கானிக் ஏற்கெனவே கையில் இருந்தால் இணையத்தில் வாங்கலாம். இல்லையென்றால் வாங்குவதும் மாட்டுவதும் ஒரே இடத்தில் நடப்பது நல்லது.

அடுத்தது அளவு. கடைக்காரர் வண்டியில் இருக்கும் பழைய டயரைப் பார்த்து அளவைச் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். அந்த டயரே முன்பு யாரோ தப்பாகப் போட்டதாக இருக்கலாம், பழைய வண்டி வாங்கியவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். காற்றழுத்தமும் அங்கேதான் போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம், உங்கள் வண்டிக்கு வைக்க வேண்டியது அதல்ல.

205/55 ஆர்16 91வி என்று இருந்தால், அகலம் 205 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ஆர் என்றால் ரேடியல் (உள்ளிழைகள் குறுக்காக ஓடும் டயர் வகை), ரிம்மின் விட்டம் 16 அங்குலம். இதுவரை எல்லோரும் பார்ப்பார்கள். கடைசியில் வரும் 91வி பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை. 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான எண், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரையான வேகத்துக்கானது. "அது ஸ்டாக் இல்லை சார், இதுவும் பொருந்தும்" என்று கடையில் சொன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். ரிம்மில் பொருந்திவிடும், சந்தேகமில்லை. முழுக் குடும்பமும் சாமானும் ஏறிய பிறகு அது தாங்குமா என்பதுதான் கேள்வி. எண் குறைவாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

தள்ளுபடியில் வரும் டயருக்கு வயதைக் கேட்க வேண்டும். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம்தான் தேதி. 1424 என்றால் 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். இந்த நாலு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் மாட்டிய பிறகு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். அதனால் மெஷினில் ஏற்றும் முன்பே நாலையும் உருட்டிப் பார்த்துவிடுங்கள். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயர் ஓராண்டு பழையதாக இருந்தால் நான் தயங்க மாட்டேன். கடை வாசலில் அழகுக்கு அடுக்கி, நாள் முழுக்க வெயில் குடிக்கும் டயரை மட்டும் தொடுவதில்லை. வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக்கி வெடிப்பு விழ வைக்கும்.

இதெல்லாம் பொருள் சம்பந்தப்பட்டது. ஒரே டயர் பத்துக் கடையிலும் ஒரே டயர்தான், மாட்டும் கைதான் கடைக்குக் கடை மாறும். அதைப் பார்க்காமல் காத்திருப்போர் அறையில் செல்போனோடு உட்கார்ந்துவிடுவதை நான் பெரிய தவறு என்பேன். சொந்த அனுபவம்தான். ஒரு கடையில் ஏர் கன் வைத்து நட்டுகளை ஓங்கி இறுக்கி அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து ராத்திரியில் பஞ்சர். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தும் ஒரு நட்டு அசையவில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட்டின் மரை போகும், பிரேக் டிஸ்க்கும் கோணலாகலாம். பல கார்களுக்குத் தேவையான இறுக்கம் 100 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம்தான், சரியான எண் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், வரிசையாகச் சுற்றி வராமல் எதிரெதிராக மாறி மாறி இறுக்குகிறார்களா என்று பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபார்க்க வரச் சொல்லும் கடை நல்ல கடை.

முதல்முறை போகும் கடையை எப்படி எடைபோடுவது? எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு: கழற்றிய பழைய டயரை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். அப்படியே மூலையில் எறிந்தால் அவர்களுக்கு விற்பனை முடிந்துவிட்டது. தொழில் தெரிந்தவர் கையால் தடவிப் பார்ப்பார். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் மொட்டையாகியிருந்தால் அலைன்மென்ட் கோளாறு. அங்கங்கே பள்ளம் பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றினால், புது டயரும் அதே வழியில் தேயும். அலைன்மென்டும் பேலன்சிங்கும் ஒன்று என்று நினைத்து ஏதாவது ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது, விட்டுப்போனால் வேகத்தில் நடுக்கம் வரும். அலைன்மென்ட் சக்கரங்கள் நிற்கும் கோணம் பற்றியது, அது பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கம் தேயும். செய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகளை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்கள் உண்டு, இந்தப் பக்கம் வெளியே என்று எழுதிய டயர்களும் உண்டு. அவசரத்தில் மாற்றி மாட்டுவது நடக்கும். கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது புதியதை முன்னால் போடச் சொல்கிறவர்கள் கடையிலும் உண்டு, வீட்டிலும் உண்டு. பின்னால்தான் போட வேண்டும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் சரி. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்பிருக்கிறது. பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் பிடிக்க முடியாது. நாலு சக்கர இழுவை வண்டி என்றால் இரண்டு மட்டும் மாற்றும் முன் கையேட்டைப் பாருங்கள். சுற்றளவில் சிறு வித்தியாசமே சில வண்டிகளின் கியர் அமைப்பைப் பாதிக்கும்.

நைட்ரஜன் காற்று அடிக்கிறேன் என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். இலவசமென்றால் சரி, அதற்காகத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. மாதம் ஒருமுறை அழுத்தம் பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

பில்லில் ஒவ்வொரு டயரின் குறியீட்டு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள், வாரன்டி கேட்கும் நாளில் அது இல்லாமல் பேச்சு நகராது. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், புது டயரின் மேற்பரப்பு கொஞ்சம் தேய்ந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். கடையில் வண்டி நிற்கும்போதே டிக்கியையும் திறந்து ஸ்டெப்னியின் தேதியைப் பாருங்கள். மற்ற நாலும் இரண்டு முறை மாறியிருக்கும், அது மட்டும் வண்டியோடு வந்ததாகவே கிடக்கும். அநேகமாகக் காற்றும் இருக்காது.