பதின்பருவ விளையாட்டை வாழ்நாள் பழக்கமாக்கும் வழி

பின்லாந்தில் 1980ஆம் ஆண்டு தொடங்கி, அதே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று, இளமையில் சில ஆண்டுகளாவது இடைவிடாமல் விளையாடியவர்கள் வளர்ந்த பின்பும் கூடுதலாக இயங்கும் வாய்ப்பு அதிகம் என்பதைக் காட்டியது. ஆகவே பெற்றோர் பதக்கங்களைவிடத் தொடர்ச்சியையே முதலில் காக்க வேண்டும்.

5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே விளையாட்டால் நிரப்ப வேண்டியதில்லை. குழு ஆட்டத்துடன், நீச்சல், ஓட்டம், மிதிவண்டி, இறகுப்பந்து போன்ற ஒன்றையும் பழக்குங்கள். ஏனெனில் பள்ளிக் காலம் முடிந்தபின் ஓர் அணியையே திரட்டுவது கடினம், தனியாக ஓடுவதோ ஒரு துணையைத் தேடுவதோ எளிது.

அணித் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளையை அத்துடன் விட்டுவிடாதீர்கள். திறமை பார்த்து விலக்காத பயிற்சிக் குழு ஒன்றில் உடனே சேர்த்துவிடுங்கள். விளையாட்டை நேசித்த பலரை நாம் நிரந்தரமாக இழப்பது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். காயம்பட்டால் முழுமையாக ஆறவிட்டுப் படிப்படியாகத் திரும்பச் செய்யுங்கள். தேர்வு ஆண்டில் பயிற்சி நேரத்தைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் செல்லும்போது, தங்குமிடம் தேடும் நாளிலேயே அருகிலுள்ள மைதானத்தையும் விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.