முள்ளந்தண்டு இணைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டில் செய்யவேண்டியவை

முள்ளந்தண்டு இணைப்புச் சத்திரசிகிச்சையில் பூட்டப்படும் திருகாணிகளும் கம்பிகளும் முள்ளெலும்புகளை அசையாமல் பிடித்து வைத்திருக்கின்றனவே தவிர, அவற்றை ஒன்றாக்குவது இடையில் வைக்கப்பட்ட எலும்புத் துண்டுகள் வளர்ந்து பொருந்துவதுதான். அதற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு வருடமும் ஆகலாம். தையல் வெட்டிய கையோடு சுகமாகிவிட்டதாக எண்ணிக் கிணற்றடிக்குப் போகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். அக்காலத்தில் குனிவதும், பாரந் தூக்குவதும், இடுப்பை முறுக்கித் திரும்புவதும் கூடா.

ஆகவே முதற்படி, வைத்தியசாலைக்குப் போகுமுன்பே வீட்டை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவருவது. எங்கள் வீடுகளில் தேங்காய் துருவுவது, முற்றம் கூட்டுவது, உடுப்புத் தோய்ப்பது எல்லாமே தரையோடு நடப்பவை. அவற்றைச் சில மாதங்களுக்கு வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். தேயிலை, சீனிப் பேணிகளை மேசைமேல் வையுங்கள். குந்தும் மலசலகூடமானால் கொமட் கதிரை ஒன்று கட்டாயம் தேவை. பாயில் படுக்கக் கூடாது. சாய்மனைக் கதிரையில் துணி தொய்ந்து முதுகு வளைவதாலும் அதிலிருந்து எழும்புவது கடினமாதலாலும், கைபிடியுள்ள உயரமான மரக்கதிரையே நல்லது. வைத்தியர் குளிக்க அனுமதித்த பின்னும் கிணற்றில் அள்ளாமல், வேறொருவர் நிரப்பிய வாளியை முக்காலிமேல் வைத்து வார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கட்டிலிலிருந்து எழும்பும் முறை. இதை வைத்தியசாலையிலேயே பழகிக்கொள்வது நல்லது. மல்லாந்து படுத்தபடி இரு முழங்கால்களையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, மரக்குற்றி உருளுவதுபோலப் பக்கவாட்டில் உருளுங்கள். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழிருக்கும் முழங்கையையும் மற்றக் கையையும் ஊன்றி உடலை நிமிர்த்துங்கள். தலைசுற்றல் இல்லையென்று கண்டபின்னரே எழுந்து நில்லுங்கள். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கைகொடுப்பவர் அன்பு மிகுதியால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

நடப்பதுதான் இக்காலத்தின் முதன்மையான பயிற்சி. முதலில் வீட்டுக்குள் ஐந்து நிமிடமாக நாளில் சில தடவைகள் நடந்து, பிறகு வெயில் ஏறுமுன் ஒழுங்கையில் கொஞ்சங் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டலாம். தொடர்ந்து அரைமணிக்கு மேல் கதிரையில் இருக்க வேண்டாம். சுகம் விசாரிக்க வருவோர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை நோயாளியும் மரியாதைக்காகக் கதிரையில் இருப்பது எங்கள் வழக்கம். அவர் எழுந்து போய்ப் படுத்தால் வந்தவர்கள் குறை நினைக்கலாகாது.

சிகரெட்டானாலும் எங்களூர்ச் சுருட்டானாலும் நிக்கொட்டின் எலும்பு பொருந்துவதைத் தடுக்கும். டைக்குளோபினக் போன்ற நோமாத்திரைகளையும் வைத்தியரைக் கேளாமல் பாமசியில் வாங்கக் கூடாது. முறிவு நெரிவு எண்ணெய் போட்டு முதுகை உருவுவதும் வேண்டாம். வலிமருந்தால் மலச்சிக்கல் வருவது வழமையாதலால் பப்பாசிப்பழம், கீரை, தண்ணீர் மூன்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது நீர்க்கசிவு, கெண்டைக்காலில் வீக்கம் ஆகியவை தோன்றினால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். காலில் புதிதாகப் பலவீனம், தொடையிடுக்கில் உணர்ச்சி குன்றிய விறைப்பு, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை, மூச்சு முட்டுதல் என்றால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள்.

இருந்து செய்யும் வேலைக்குப் பலர் 4 முதல் 8 கிழமைகளில் திரும்புகிறார்கள். தோட்டவேலைக்கும் கடற்றொழிலுக்கும் பல மாதங்கள் பொறுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளையும், குழிவிழுந்த வீதியில் ஓட்டோப் பயணத்தையும் வைத்தியர் சம்மதிக்கும்வரை தவிருங்கள். நல்லூர்த் திருவிழாவில் பிரதட்டை செய்வதாக, அதாவது வீதியில் உருண்டு வலம் வருவதாக, நேர்த்தி வைத்திருப்பவர், எக்ஸ்றேயில் எலும்பு பொருந்தியதைக் கண்டு வைத்தியர் அனுமதிக்கும்வரை அதைத் தள்ளிவைத்து, நெரிசல் குறைந்த நேரத்தில் வெளிவீதியில் நின்றபடியே கும்பிடலாம்.