வீட்டுப் பொறுப்புகள் மனநிறைவு தருகின்றனவா என்று அறிவது எப்படி?

கணவன் சம்பாதிப்பதும் மனைவி அடுப்படியைப் பார்ப்பதும் மாறாத முறை என்று நம்புவோர், நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே 1926ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மருமக்கள்வழி உரிமை, அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும் முறை, நிலவியதை முதலில் நினைவுகூரட்டும்; குடும்ப முறைகள் மாறக்கூடியவைதான்.

பிறகு இருவரும் தனித்தனியே அமர்ந்து, அன்றாடம் தாம் செய்யும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அக்கம்பக்கத்தார் எவரும் பார்க்காவிட்டாலும் இதை விரும்பிச் செய்வேனா என்பதற்கு விடை குறிக்க வேண்டும். வாய்மொழியாக, அதுவும் மாமியார் முன்னிலையில், கேட்க வேண்டாம்; 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கோட்டின் நீளத்தைக்கூடக் கூட்டத்தார் சொன்னபடியே பலர் தவறாகச் சொன்னார்கள், ஆனால் விடையைத் தனியே எழுதச் சொன்னபோது அத்தவறு வெகுவாகக் குறைந்தது.

விருப்பமில்லை என்று குறித்தவற்றில் ஒன்றை மட்டும் ஒரு மாதம் மாற்றிக்கொள்ளலாம்: வடசேரிச் சந்தைக்கு மனைவி போகட்டும், பிள்ளைக்குக் கணவர் தலை வாரட்டும். சமையலை விரும்பிச் செய்பவரிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டாம், அதுவும் திணிப்புதான்.