சைக்கிள் செயின் தேய்ந்துவிட்டதா? ஒரு ஸ்கேலும் ஒரு சொட்டு நகப்பூச்சும் போதும்

எங்கள் ஊர் உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் வேலைக்குப் போக இரண்டு வழி. தார் ரோட்டில் போனால் கொஞ்சம் சுற்று. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்கால் மேட்டில் ஏறி, இட்டேரியில் (இரண்டு பக்கமும் வேலி உள்ள மண் பாதை) இறங்கிப் போனால் 3 கி.மீ. மிச்சம். மிச்சம் பிடிக்கிறேன் என்று இட்டேரிக்கு மாறினேன். தார் ரோட்டில் இரண்டு வருஷம் உழைத்த செயின், கிளுவை வேலிக்கு நடுவில் புழுதியைத் தின்று பதினோரு மாதத்தில் முடிந்துபோனது. அதே வகைச் செயின்தான், மிதிப்பதும் அதே கால்தான்.

அதனால் "எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றணும்?" என்று யாராவது கேட்டால் நான் எண் சொல்வதில்லை. பொதுவாக 2000 முதல் 5000 கி.மீ. வரை என்பார்கள். தப்பில்லை, ஆனால் அவ்வளவு பெரிய இடைவெளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மண்ணும் எண்ணெயும்தான் அதை முடிவு செய்கின்றன. அளந்து பார்ப்பது சுலபம். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வேண்டியவை: 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் (பிளாஸ்டிக் வேண்டாம், முனை தேய்ந்திருக்கும்), பின் சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், நோஸ் பிளையர், பழைய பல் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல், துடைக்க பனியன் வேஸ்ட். திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு கடைசிப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம், வீட்டில் யாரிடமாவது கேட்டு ஒரு சொட்டு நகப்பூச்சு.

முதலில், எது தேய்கிறது?

"செயின் இழுந்துபோச்சு" என்கிறோம். இரும்பு ரப்பர் மாதிரி இழுவது கிடையாது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது, அது ஒரு துளைக்குள் திரும்புகிறது. பின்னும் தேய்கிறது, துளையும் பெரிதாகிறது. ஒரு மூட்டில் ஒன்றிரண்டு தலைமுடித் தடிமன் அளவுக்குத்தான் தேய்மானம். ஆனால் சாதாரண சைக்கிள் செயினில் ஏறக்குறைய 110 கண்ணி. எல்லாம் சேர்ந்து செயின் ஒன்றரை செ.மீ. வரை நீண்டுவிடும்.

எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சைக்கிள். ஒரு முறை பெடலைச் சுற்றினால் சுமார் 5.4 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்குள் ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறைய 75 முறை சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு நான்கு முறை மடங்குகிறது: செயின் வீலில் (முன் பல்சக்கரம்) ஏறும்போது, இறங்கும்போது, ப்ரீவீலில் (பின் பல்சக்கரம்) ஏறும்போது, இறங்கும்போது. கி.மீ.க்கு 300 தடவை. அந்தத் துளைக்குள் இட்டேரி மண் இருந்தால் ஒவ்வொரு மடக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

என் அப்புச்சியின் பழைய சைக்கிளில் செயினை முழுசாக மூடிய தகரப் பெட்டி இருந்தது. கழுவும்போது அதைக் கழற்றுவது பெரிய ரோதனை. ஆனால் அந்தச் செயினை அவர் மாற்றி நான் பார்த்ததே இல்லை. இப்போது மேலே மட்டும் பாதி மூடும் கவர்தான் வருகிறது, கீழ்ப்பக்கம் புழுதிக்குத் திறந்தே கிடக்கிறது.

படி 1: ஸ்கேல் வைத்து அளப்பது

ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. கியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதேதான். 20 இடைவெளி சேர்ந்தால் 254 மி.மீ. சின்ன ஸ்கேலிலேயே அடங்கிவிடும்.

கியர் சைக்கிள் என்றால் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெடலை லேசாக மிதியுங்கள். மேல்பக்கச் செயின் விறைக்கும். ஒரு பின்னின் இடது ஓரத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். அந்தப் பின்னை எண்ணாமல், அடுத்ததை ஒன்று என்று எண்ணி 20ஆவது பின்னுக்குப் போங்கள். அதற்கும் இடது ஓரத்தைத்தான் படிக்க வேண்டும். முதல் தடவை நான் முதல் பின்னையும் சேர்த்து எண்ணி, செயின் சுருங்கிவிட்டது என்று நினைத்துக் குழம்பினேன்.

254 என்றால் புதுசு மாதிரி. 255ஐத் தாண்டினால் கவனிக்க ஆரம்பியுங்கள். பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ள விலை கூடின சைக்கிள்களில் அங்கேயே மாற்றிவிடுவது நல்லது. மற்ற கியர் சைக்கிள்களில் 256 வந்தால் மாற்றுங்கள். கியர் இல்லாத சைக்கிள் 256.5 வரை தாங்கும். அதற்கு மேல் ஓட்டினால் செயின் அறுந்துவிடாது, ஆனால் பல்லைத் தின்ன ஆரம்பிக்கும்.

கியர் இல்லாத சைக்கிளில் மேல்பக்கத்தைக் கவர் மறைக்கும், கீழ்ப்பக்கம் தொங்கும். ஆகவே கழற்றி, ஆணியில் தொங்கவிட்டு அளப்பதே சரி. ஒவ்வொரு தடவையும் அப்படிக் கழற்ற முடியாது இல்லையா? அதற்குத்தான் அந்த நகப்பூச்சு.

படி 2: நகப்பூச்சு அடையாளம் (கியர் இல்லாத சைக்கிளுக்கு மட்டும்)

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் முதல் பால்காரர் சைக்கிள் வரை, செயின் தொய்ந்தால் பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து முடுக்குவோம். இழுத்தவுடன் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தெரியும். ஆனால் தேய்மானம் எங்கேயும் போகவில்லை, சக்கரம் நகர்ந்த தூரத்தில் அது பதிவாகி இருக்கிறது.

110 கண்ணிச் செயினின் மொத்த நீளம் சுமார் 1397 மி.மீ. நூற்றுக்கு ஒன்று நீண்டால் 14 மி.மீ. மேலே பாதி, கீழே பாதி என்பதால் சக்கரம் அதில் பாதி தூரம், 7 மி.மீ. பின்னால் போகும். புதுச் செயின் போட்ட அன்றே, ஆக்சில் நட்டுக்குப் பின்பக்கம் ஃப்ரேமில் ஒரு கோடும், அங்கிருந்து 7 மி.மீ. தள்ளி இன்னொரு கோடும் நகப்பூச்சால் போட்டுவிடுங்கள். நட்டு இரண்டாவது கோட்டைத் தொட்டால் செயினின் காலம் முடிந்தது. ஸ்கேல்கூட வேண்டாம்.

சக்கரம் கடைசி வரைக்கும் போனதும் சிலர் "ஒரு கண்ணியக் கழட்டி விட்ருங்ணா" என்பார்கள். கழட்டினால் இறுக்கமாகும், உண்மைதான். ஆனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்ததுதானே. அடுத்து அடிபடுவது ப்ரீவீல்.

படி 3: பல்லைப் பார்ப்பது

ப்ரீவீலைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும். தேய்ந்த பல் ஒரு பக்கம் சாய்ந்து, அரிவாள் மூக்கு மாதிரி கொக்கி போட்டு நிற்கும். முன்னால் இருக்கும் செயின் வீலில் பல் கூர்மையாகி, பல்லுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் அகலமாகி இருக்கும்.

44 பல் பகிர்ந்துகொள்ளும் வேலையைப் பின்னால் 18 பல் செய்கிறது. அதனால் ப்ரீவீல்தான் முதலில் போகும். நேரத்தோடு செயினை மாற்றினால் இரண்டு மூன்று செயினுக்கு ஒரு ப்ரீவீல் தாங்கும். இரும்புச் செயின் வீல் அதைவிட ரொம்ப நாள் வரும், அலுமினியம் சீக்கிரம் தேயும். கியர் சைக்கிளில் நீங்கள் எப்போதும் ஓட்டும் அந்த ஒன்றிரண்டு பல்சக்கரம் மட்டும் தேய்ந்திருக்கும். மற்றவை புதுசாகவே இருக்கும்.

இதைப் பார்க்காமல் விட்டதற்கு என் முழங்காலில் தழும்பு இருக்கிறது. செயின் தேய்ந்து ரொம்ப நாள் கழித்து, செயின் மட்டும் புதுசு போட்டேன். மறுநாள் மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. கால் சர்ரென்று கீழே போனது, நான் ஹேண்டில்பார் மேல். கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, பழைய பல்லு பழைய செயினுக்குப் பழகிக் கிடக்குது. புதுச வச்சா உட்காருமுங்களா?" என்றார். அப்படித் தாவினால் ப்ரீவீலையும் மாற்றியே ஆக வேண்டும். ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று இருக்காதீர்கள்.

படி 4: வாங்குவது

கியர் இல்லாத சைக்கிளுக்கு 1/8 இஞ்ச் அகலச் செயின். கியர் சைக்கிள் என்றால் பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணிச் சொல்லுங்கள். 6, 7, 8 எல்லாவற்றுக்கும் ஒரே செயின் சரிப்படும், 9 முதல் அகலம் மாறும்.

பழைய செயினைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வெட்டாதீர்கள். பழசு ஒரு கண்ணிக்கு மேலேயே நீண்டிருக்கும். கண்ணியை எண்ணித்தான் வெட்ட வேண்டும்.

படி 5: மாட்டுவது

கியர் இல்லாத செயினில் ஒரு லாக் இருக்கும், மேலே ஒரு சின்ன கிளிப். பிளையரால் கிளிப்பைத் தள்ளினால் கழன்றுவிடும். தரையில் விழுந்தால் கிடைக்காது, கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். அதாவது மேல்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஹேண்டில்பாரைப் பார்க்கணும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

சக்கரத்தை இழுத்து, நடுவில் விரலால் தூக்கினால் ஒரு செ.மீ. அல்லது கொஞ்சம் கூடுதலாக ஆடுகிற மாதிரி வையுங்கள். பெடலைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள், செயின் வீல் எப்போதும் சரியான வட்டமாக இருக்காது. எங்கேயுமே விறைக்கக் கூடாது. சக்கரம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

ப்ரீவீலைக் கழற்ற அதற்கென்று தனிக் கருவி வேண்டும். சுத்தியலும் உளியும் வைத்து முயற்சி பண்ணி சக்கரத்தைக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். கடையில் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

எண்ணெய்

வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறையும் எண்ணெய் அது, செயினில் நாள்பட்டால் பிசுபிசுத்து மண்ணை இழுத்துப் பிடிக்கும். பைக் மெக்கானிக் கடையில் வடித்த கறுப்பு ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புப் பொடி கலந்திருக்கிறது. புது இன்ஜின் ஆயில் நல்லது. தையல் மெஷின் எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் தண்ணி மாதிரி இருப்பதால் வாரம் ஒருமுறை விட வேண்டியிருக்கும்.

செயினைப் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்து (அடுப்புப் பக்கம் வேண்டாம்), வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் ப்ரீவீலுக்குள் போகக் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் (பின்னைச் சுற்றி உருளும் சின்னக் குழல்) ஒரே ஒரு சொட்டு. பெடலைப் பின்பக்கமாக நாலு சுற்று. கால் மணி நேரம் கழித்து வெளியே இருக்கும் எண்ணெயைப் பனியன் வேஸ்ட்டால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். செயின் பளபளவென்று ஈரமாக இருந்தால்தான் திருப்தி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஈரத்தில்தான் புழுதி ஒட்டுகிறது.

இந்த வேலை பொதுவாக மாதம் ஒருமுறை போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேக்காத்து அடிக்கிற ஆனி, ஆடியில் நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்கிறேன். கிழக்கே போகும்போது காற்றே தள்ளிவிடும், சுகம். சாயங்காலம் மேற்கே திரும்பும்போது எதிர்க்காற்றில் செயினுக்கு இரட்டைச் சுமை, கூடவே கண் நிறைய மண். காற்று அடங்கும் புரட்டாசியில் ஸ்கேலை எடுத்து ஒருமுறை அளந்துவிடுவேன். போன தடவை 255.5. தை வரைக்கும் வரும் என்று விட்டிருக்கிறேன்.