மெமரி கார்டில் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கார்டின் முகத்தில் 170, 200 என்று பெரிதாக அச்சடித்திருப்பது படிக்கும் வேகம். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு நொடிக்கு இத்தனை எம்பி வரை ஏற்றலாம் என்கிற உச்ச அளவு அது. யூஎச்எஸ்-1 (கார்டு தரவைக் கடத்தும் முறைக்கான ஒரு தரம்) வகை கார்டுகளுக்கு விதிப்படி உச்சம் 104 எம்பிதான். அதற்கு மேல் போட்டிருக்கும் வேகம் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த ரீடர் (கார்டைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் கருவி) வேண்டும். சாதாரண ரீடரில் கிடைக்காது, கேமராவுக்குள்ளும் கிடைக்காது.

கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதிலும், எவ்வளவு திணறினாலும் இதற்குக் கீழே இறங்காது என்கிற உறுதி. அது மூலையில் சின்னக் குறியாக இருக்கும். சி எழுத்துக்குள் 10 அல்லது யூ எழுத்துக்குள் 1 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. யூ எழுத்துக்குள் 3 என்றாலும் வி30 என்றாலும் 30 எம்பி. வி60, வி90 என்பவையும் இதே கணக்குதான். ஏ1, ஏ2 என்றும் ஒரு குறி உண்டு. அது போனில் ஆப் ஓட்டுவதற்கு, படம் எடுப்பவர்கள் அதற்காகக் காசு கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் பர்ஸ்ட் போட்டு, அதாவது பட்டனை அழுத்திப் பிடித்துப் படமாகத் தொடர்ந்து அடித்து, எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாக உறைக்கும். ராவ் படம் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஒன்று 25 எம்பி என்று வையுங்கள். 50 படம் தொடர்ந்து அடித்தால் கேமராவின் பஃபரில் (கார்டுக்குப் போகும்முன் படங்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) 1,250 எம்பி நிற்கும். நொடிக்கு 30 எம்பி எழுதும் கார்டு அதை இறக்கி முடிக்க 40 நொடிக்கு மேல் எடுக்கும், 90 எம்பி எழுதும் கார்டுக்கு 14 நொடி போதும். அந்த இடைவெளியில் அடுத்த மாட்டை அவிழ்த்துவிட்டிருப்பார்கள், ஷட்டர் பட்டன் வேலை செய்யாது. அதற்காக எல்லோரும் யூஎச்எஸ்-2 கார்டு வாங்க ஓட வேண்டாம். பின்புறம் இரண்டு வரிசைத் தகடு இருக்கும் கார்டு அது. கேமராவின் ஸ்லாட் யூஎச்எஸ்-1 என்றால் அந்த இரண்டாவது வரிசை சும்மா கிடக்கும். முதலில் கேமராவின் கையேட்டைப் பாருங்கள்.

வீடியோவில் இன்னொரு குழப்பம். கேமரா மெனுவில் 100 என்று போட்டிருப்பது மெகாபிட், கார்டில் இருப்பது மெகாபைட். எட்டால் வகுத்தால் 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 எம்பி. வி30 கார்டே தாராளம்.

கொள்ளளவையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். தர்மபுரிப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை போகும். 50 மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு 22.5 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 180 ஜிபி. 100 மெகாபிட் என்றால் 360. இதற்கு ஒரே 512 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு உட்காருவது வசதிதான், ஆனால் அது ஒன்று போனால் இரவு முழுக்கப் போச்சு. 128 ஜிபி கார்டுகளாக வைத்துக்கொண்டு காட்சி மாறும்போது மாற்றுவது நல்லது. கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால், முகூர்த்தம் மாதிரி திரும்ப எடுக்க முடியாத வேலைக்கு இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். பெரும்பாலும் முதல் கார்டு நிறைந்ததும் அடுத்ததற்குத் தாவும்படிதான் அமைத்திருப்பார்கள். அது காப்பு ஆகாது.

பழைய கேமராவைக் கைமாற்றி வாங்கியவர்கள் கொள்ளளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி வகை வந்தது 2009-இல். அதற்கு முந்தைய கேமராக்கள் 64 ஜிபி கார்டைப் பார்த்தால் பிழை காட்டலாம்.

இனி போலி. கார்டுக்குள் இருந்து அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பில்தான் மோசடி நடக்கிறது. உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், ஆனால் 128 என்று கேமராவிடம் சொல்லும். முதல் 8 ஜிபி வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்கு மேல் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழைய படத்தின் மேலேயே விழும். கோப்பின் பெயர் தெரியும், அளவும் தெரியும், திறந்தால் சாம்பல் பட்டை. அதனால்தான் வாங்கிய அன்று நாலு படம் எடுத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பதில் பயனில்லை. கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டுமே இலவசம். காலியான கார்டில் ஓட்டுங்கள். 64 ஜிபி கார்டு நொடிக்கு 30 எம்பி எழுதினால் எழுத மட்டும் 35 நிமிடம் ஆகும், பிறகு படிக்கும் நேரம் தனி. 64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59.6 என்று காட்டுவது போலிக்கு அடையாளம் இல்லை. ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

கடையில் வாங்கினாலும், பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய் வாங்கினாலும், பில் இல்லாத கார்டைத் தொடாதீர்கள். ஆன்லைனில் தளத்தின் பெயரைப் பார்க்காமல், விற்பவர் யார் என்று பாருங்கள். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் மேலே சொன்ன சோதனையை முடித்துவிடுங்கள்.

மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் செருகிக் கேமராவில் போடுவது அவசரத்துக்குச் சரி. தொடுமுனை இரண்டு இடத்தில் வருவதால் பிழையும் இரண்டு இடத்தில் வரும்.

ஒகேனக்கல்லில் பரிசலில் இருந்துகொண்டு கார்டு மாற்றாதீர்கள். சாரல் கார்டைவிட ஸ்லாட்டைத்தான் கெடுக்கும். கிரானைட் பட்டறைத் தூசிக்கும் இதே எச்சரிக்கை.

ஃபார்மேட்டைக் கேமராவிலேயே செய்யுங்கள், வேறு கேமராவுக்கு மாற்றும்போது மறுபடியும் செய்யுங்கள். எழுதும் விளக்கு அணையும்முன் கார்டை உருவவோ பேட்டரியைக் கழற்றவோ கூடாது. கோப்புப் பட்டியல் பாதியில் அறுந்தால் நல்ல படங்களும் சேர்ந்து மறையும்.

அப்படி மறைந்தால், அல்லது தவறி அழித்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளி வெளியே எடுத்து வையுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.