வீட்டில் தைத்த உருமறைப்பு உடை: நாற்றம் போக எப்படி அலசுவது?

எண்ணூர் முகத்துவாரத்துக்கோ பழவேற்காட்டுக்கோ பறவைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். பழைய காக்கிச் சட்டை, காசிமேட்டில் கழித்துப் போட்ட நைலான் வலைத்துண்டு, கோணியைப் பிரித்து எடுத்த நார், இவ்வளவு இருந்தால் செடிகொடிக்குள் நம்மை மறைக்கும் உடை தயார்: சட்டையின் மேல் வலை, வலையில் முடிந்த நார். ஸ்காட்லாந்தில் வேட்டைக்காடுகளைக் காத்தவர்கள் உண்டாக்கிய உடை இது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டதால் நமக்கு இது கேமராவோடு மட்டும்தான்.

தைப்பது சுலபம், துவைப்பதில்தான் தப்பு நடக்கிறது. என் முதல் உடையை வாஷிங் மெஷினில் போட்டு, வாசனைத் திரவமும் ஊற்றினேன். கோணி நார் பிய்ந்து வடிகுழாயை அடைத்துக்கொண்டது, உடை மல்லிகைப்பூ மாதிரி மணந்தது. நாற்றத்தின் மேல் மணத்தைப் பூசினால் அது சுத்தமாகாது. ஒரு வாசனையும் இல்லாமல் இருப்பதுதான் இந்த உடைக்குச் சுத்தம். பறவைகள் பெரும்பாலும் கண்ணைத்தான் நம்பும், ஆனால் நரிக்கும் கீரிக்கும் மூக்கு ரொம்பக் கூர்மை. உங்கள் பக்கத்தில் ஒரு கீரி மிரண்டு ஓடினால் உள்ளான் கூட்டமும் எழுந்துவிடும்.

கடைச் சோப்புத்தூளில் இன்னொரு தொல்லை உண்டு. துணி பளிச்சென்று தெரிய அதில் ஒரு வேதிப்பொருள் சேர்க்கிறார்கள், அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். விடியற்காலை மங்கலில் நாம் மறைந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், சட்டை தனியாகத் தெரியும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் சோப்புத்தூள் மேல் அடித்துப் பாருங்கள், நீலமாக மின்னினால் அந்தத் தூள் வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் நனைக்கவே கூடாது. சேறு நன்றாகக் காயட்டும், அப்புறம் தேங்காய் நார் பிரஷ்ஷால் தட்டி உதிர்க்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் சேற்றில் கலந்திருக்கும் என்பதால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் செய்யுங்கள். அலையாத்திச் சேற்றில் வரும் அழுகிய முட்டை நாற்றம், காற்றுப் புகாத மண்ணில் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. பாதி நாற்றம் காற்றாடக் காய்ந்தாலே போய்விடும்.

அடுத்து சட்டை, வலை, நார் மூன்றையும் பிரியுங்கள். அதனால்தான் நாரைத் தைக்காமல் முடிச்சுப் போட்டே கட்டச் சொல்கிறேன்.

வலையில் இருப்பது மீன் கவிச்சி. அது காரத்தன்மை உள்ள வாடை, புளிப்புப் பட்டால் அடங்கும். வீட்டில் மீனைப் புளித்தண்ணீரில் அலசுகிறோம் இல்லையா, அதே கணக்குதான். அரை வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் சமையல் வினிகர், அரை மணி நேரம் ஊறினால் போதும். சட்டையில் இருப்பது வியர்வை, அதில் புளித்த வாடை. அதற்கு ஒரு வாளித் தண்ணீரில் நாலைந்து கரண்டி சோடா உப்பு கரைத்து ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் நுரை பொங்கி ஒன்றை ஒன்று முறித்துவிடும், பலன் இருக்காது. வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும்.

துவைக்க நான் நம்புவது பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, கொட்டையை நீக்கிவிட்டு பதினைந்து தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வைத்து, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் கலந்து கையால் கசக்கினால் அழுக்கு இறங்கும். செயற்கை மணமும் இல்லை, பளபளப்பும் இல்லை. கோணி நாரை மட்டும் கசக்காமல் முக்கி எடுங்கள்.

அலசும்போது எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்து போர் தண்ணீர் உதவாது. அதில் உப்பு. துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துணி முழுசாகக் காயாது, இரண்டு நாளில் மக்கிய வாடை வந்துவிடும். கடைசி இரண்டு அலசலாவது மெட்ரோ தண்ணீரில் இருக்கட்டும்.

நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். வெயிலில் சாயம் வெளுக்கும், நைலானும் நாளடைவில் வலு இழக்கும். காய்ந்ததும் பீரோவில் பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் வைக்காமல், மூடி போட்ட டப்பாவில் அடுப்புக்கரித் துண்டுகளைத் துணியில் முடிந்து கூடவே போட்டு வையுங்கள்.

போகிற அன்று உடையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு பைக்கில் போக வேண்டாம். பெட்ரோல் வாடையும் டீக்கடை பஜ்ஜிப் புகையும் கோணியில் உடனே ஏறிக்கொள்ளும். கரையில் இறங்கியதும் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் பையிலிருந்து எடுத்துக் கொடியில் விரித்துவிடுங்கள், ஈரத்தோடு ஒரு ராத்திரி மூட்டையில் கிடந்த கோணி நாரில் பூஞ்சை பிடித்துவிட்டால் நான் அதை அலசிப் பார்ப்பதுகூட இல்லை, அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புது நார் முடிகிறேன்.