தண்ணீர் கேன், துவரம்பருப்பு, டம்ளர்: வீட்டுச் சத்தத்தில் ஒரு பீட்

வீட்டுச் சாமான்களைத் தட்டி, ஃபோனில் பதிந்து, ஒரு பீட் (தாளக்கட்டு) செய்வோம். முதலில் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜின் முனகல் நம் காதுக்குப் பழகிப்போனது. ஒலியைக் கூட்டும்போதுதான் முன்னால் வந்து நிற்கும். (வேலை முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள், பால் திரிந்துவிடும்.)

ஃபோனோடு வரும் வாய்ஸ் ரெக்கார்டர் பெரும்பாலும் பேச்சுக்கானது. பாத்திரத்தின் ரீங்காரத்தை இரைச்சல் என்று எண்ணி வாலை நறுக்கிவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியும் ஆப் வேண்டும். ஒலியளவு காட்டும் மீட்டர் −12 டெசிபலுக்குள் நிற்கட்டும். உச்ச வரம்பான 0-வை முட்டி உடைந்த சத்தத்தைப் பிறகு ஒட்டவைப்பது கடினம்.

கிக்குக்கு (டிரம்ஸில் 'தும்' என்ற கனத்த அடி) காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன். மூடியைக் கழற்றிப் போர்வைமேல் படுக்கவைத்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். ஃபோன் கேனின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் காற்று மோதி 'புஸ்' என்று அடைக்கும். ஹாய்-ஹாட்டுக்கு (டிரம்ஸில் 'ட்ஸ்' என்ற தாளத்தட்டு ஓசை) ஒரு டப்பாவில் கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டுக் குலுக்குங்கள்: 5,000 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டுவது), நீளம் 60 மில்லிசெகண்ட், அவ்வளவுதான்.

மெனக்கெட வேண்டியது எவர்சில்வர் டம்ளரில். அடிப்பாகத்தை மட்டும் இரு விரலால் பிடித்து, விளிம்பை மரக்கரண்டிக் காம்பால் தட்டுங்கள். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும். ஒலி 'வ்வா வ்வா' என்று அலைந்தால், டம்ளர் சரியான வட்டமாக இல்லாததால் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இரண்டு அதிர்வுகள் எழுகின்றன என்று பொருள். தட்டும் இடத்தை விளிம்பில் அரைக்கால் சுற்றுவரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் அலைச்சல் அடங்கும். அங்கே வெவ்வேறு அழுத்தத்தில் பத்து முறை தட்டிப் பதியுங்கள். ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டால் தையல் மெஷின் ஓடுவதுபோல் கேட்கும்.

பதிந்ததை வெட்ட ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள் போதும், இலவசம். அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டி, முடிவில் 5 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலி மெல்லத் தேய்வது) கொடுங்கள். இல்லையென்றால் 'டிக்' கேட்கும். தட்டும் ஒலிக்கு முன் சத்தமில்லாத இடைவெளியும் கூடாது. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தாள அடி) ஓர் அடியின் கால்பங்கு 125 மில்லிசெகண்டுதான். 20 மில்லிசெகண்ட் மிச்சம் இருந்தாலே தாளம் இழுக்கும்.

கேன் சத்தத்தின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறங்கும், நீளம் இரட்டிக்கும். நீளம் மாறாமல் சுருதியை மட்டும் இறக்கும் எஃபெக்டைக் கிக்குக்குப் போடாதீர்கள், அடி குழைந்துவிடும்.

டம்ளர் ஒலியின் முதல் 100 மில்லிசெகண்டை நீக்கி, மெல்லிய ஃபேட்-இன் (ஒலி மெல்ல எழுவது) வையுங்கள். பாத்திரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாரிஸ் வானொலியில், பதிந்த ஒலிகளால் இசை அமைத்த பியர் ஷெஃபர், 1948-இல் மணியோசையிலிருந்து அடி விழும் தொடக்கத்தை நீக்கிக் கேட்டது இதைத்தான். அப்போது அவர் கையில் டேப்கூட இல்லை, இசைத்தட்டுதான்.